பழைய லாண்ட் றோவர் பெற்றோல் எஞ்சினின் டிஸ்ரிபியூட்டரை மேம்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாண்ட் றோவர்களை வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது பேச்சு பெரும்பாலும் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரில் வந்து நிற்கும். அதற்குள் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிச்சான பொயின்றைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரோனிக் மொடியூல் பூட்டலாமா என்பதே அதிகம் கேட்கப்படும் கேள்வி. தந்தையிடமிருந்து எனக்கு வந்த சீரிஸ் மூன்று வண்டியில் இந்த வேலையை இரண்டு முறை செய்த அனுபவத்தில், என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த விடைகள் எந்த வண்டிக்குப் பொருந்தும்?

1958 முதல் சீரிஸ் இரண்டு, இரண்டு ஏ, மூன்று ஆகிய வண்டிகளில் பொருத்தப்பட்டு வந்த 2.25 லீற்றர் நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினை மனதில் வைத்தே எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலும் லூக்காஸ் 25 டி 4 வகை டிஸ்ரிபியூட்டரைக் காணலாம். பிற்கால வண்டிகளில் 45 டி 4 வகையோ டுசெலியே நிறுவனத்தின் டிஸ்ரிபியூட்டரோ இருக்கக்கூடும். ஆறு சிலிண்டர் லாண்ட் குறூசர் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுவே. ஆனால் அளவுகளும் தீப்பொறி வரிசையும் வேறு. உங்கள் வண்டி டீசல் என்றால் அதில் டிஸ்ரிபியூட்டரே கிடையாது.

டிஸ்ரிபியூட்டரில் அப்படி என்ன கெட்டுப்போகிறது?

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரு செக்கனுக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். அதாவது பொயின்ற் என்ற அந்தச் சின்னஞ்சிறு சுவிச் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும், உயர்மின் அழுத்தத்தை உண்டாக்கும் கொயிலின் ஏறத்தாழ 4 அம்பியர் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. பொயின்றில் பொறி பறப்பதைத் தணிக்கும் கொண்டென்சர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகங்கள் மெல்ல மெல்ல எரிகின்றன. ஒன்றில் குழி விழ, மற்றதில் முள் வளர்கிறது. பொயின்றின் குதிப்பகுதி, அச்சுத்தண்டோடு சுழன்று அதைத் திறக்கும் நான்கு முனைக் காமில் உரசித் தேயத் தேய இடைவெளி குறைகிறது, இடைவெளி குறையக் குறைய ரைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்வாங்குகிறது. இவையெல்லாம் பொயின்ற் மாற்றினால் தீரும் தேய்மானங்கள். அச்சுத்தண்டைத் தாங்கும் புஷ் தேய்வதும், வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டும் முன்னேற்ற எடைகள் துருப்பிடித்து இறுகுவதும், காபரேற்றரின் உறிஞ்சலால் தீப்பொறியை முன்கூட்டும் வக்கூம் அறையின் சவ்வு கிழிவதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை இருக்கும் டிஸ்ரிபியூட்டருக்குள் எவ்வளவு விலை உயர்ந்த மொடியூலை வைத்தாலும் எஞ்சின் திருந்தாது.

திருகோணமலையில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்?

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரைக்கு அருகே வண்டியை நிறுத்துபவர்கள் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதையும், தாழ்மின் வயரின் தகட்டு முனை கையில் உதிர்ந்துவிடும் நிலையில் இருப்பதையும் காண்பார்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடை பெய்யும் காலத்தில் இன்னொரு வகைத் தொல்லை வருகிறது. மாலையில் சூடாக நிறுத்திய எஞ்சின் இரவில் குளிரும்போது, மூடிக்குள் இருக்கும் ஈரக்காற்று உள்சுவரில் நுண்துளிகளாகப் படிகிறது. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உயர்மின் அழுத்தம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரப் படலத்தின் வழியே வழுக்கி எர்த்துக்கு ஓடிவிடுகிறது. ஒருமுறை ஓடினால் போதும், அந்தப் பாதையில் கரிக்கோடு ஒன்று பதிந்துவிடும். பென்சிலால் கிழித்த முடியைப் போல அது தெரியும். காய்ந்த நாளிலும் அதே வழியாகத்தான் தீப்பொறி போகும். துணியால் துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் தூசி உண்டு. தம்பலகாமத்து வயல் வீதிகளில் ஓடும் வண்டிகளில், பொயின்றின் குதி படும் காமில் கிறீஸோடு தூசி கலந்து அரைக்கும் களிம்பாகவே மாறிவிடுகிறது.

மேம்படுத்தும் முன் பழைய டிஸ்ரிபியூட்டர் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஒரு ரூபாயும் செலவில்லாத சோதனைகள் இவை.

மூடியைக் கழற்றி, அச்சுத்தண்டின் உச்சியில் சுழலும் றோட்டரை இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். விரலில் 'டிக்' என்று ஒரு தட்டு உணர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. உறுதிசெய்ய, காமின் நான்கு முனைகளிலும் பொயின்ற் இடைவெளியைத் தனித்தனியே அளந்து பாருங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒரு முனையில் 0.40, எதிர் முனையில் 0.30 என்று வந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தப்பான வேறு வேறு நேரத்தில் விழுகிறது என்று பொருள். பொயின்ற் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீற்றர் வைத்திருப்பவர்கள் 25 டி 4 இல் 60 பாகையை ஒட்டிய அளவைக் காண வேண்டும். சும்மா ஓடும் வேகத்துக்கும் 2000 சுற்றுக்கும் இடையில் அது 3 பாகைக்கு மேல் ஆடினால் குற்றவாளி மீண்டும் புஷ்தான்.

அடுத்து, றோட்டரை அது சுழலும் திசையில் சற்றுத் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுக்க அது துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ அங்கேயே நின்றாலோ கீழே உள்ள எடைகள் இறுகிவிட்டன. றோட்டருக்குக் கீழுள்ள பஞ்சில் வருடக்கணக்காக யாரும் ஒரு சொட்டு ஒயில் விடவில்லை. பிறகு காபரேற்றரிலிருந்து வரும் வக்கூம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பொயின்ற் தகடு அசைய வேண்டும், நாக்கால் குழாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்துகொண்டேயிருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது.

கடைசியாக, பலரும் பார்க்காத ஒன்று: அசையும் தகட்டையும் டிஸ்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் நெய்த செம்புக் கம்பி. தீக்குச்சியின் நீளம்கூட இல்லாத அந்த எர்த் வயர், தகடு முன்னும் பின்னும் அசைந்து அசைந்து, மேலுறை நன்றாக இருக்கையிலேயே உள்ளே அறுந்துவிடும். குழியில் விழுந்து எழும்போது மட்டும் எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். என் வண்டியில் இந்தக் கம்பிக்காக ஒரு கொயில், இரண்டு கொண்டென்சர், ஒரு காபரேற்றர் கழுவல் எல்லாம் செய்து முடித்திருந்தேன்.

மேம்படுத்த என்னென்ன வழிகள் உண்டு? எது சிறந்தது?

பொயின்றையே வைத்துக்கொண்டு டிஸ்ரிபியூட்டரை முழுதாகப் புதுப்பிப்பது ஒரு வழி. பழைய உடலுக்குள் பொயின்றுக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் மொடியூலைப் பொருத்துவது இன்னொரு வழி. எலெக்ட்ரோனிக் அமைப்போடு வரும் முழுப் புதிய டிஸ்ரிபியூட்டரை வாங்கிப் பூட்டுவது மூன்றாவது.

மூன்றாவதுதான் பார்வைக்குக் கவர்ச்சியானது; பளபளக்கும் உடல், சிவப்பு மூடி, ஒரு மணித்தியால வேலை. ஆனால் மலிவான புதிய டிஸ்ரிபியூட்டர்களில் பல, ஒரே முன்னேற்ற எடையையும் ஸ்பிரிங்கையும் வைத்துப் பல்வேறு கார்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. லாண்ட் றோவரின் இந்த எஞ்சினோ நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே சேற்றிலிருந்து வண்டியை இழுத்தெடுக்க வேண்டிய எஞ்சின். சிறிய கார் ஒன்றின் முன்னேற்ற வளைவை, அதாவது வேகத்துக்கேற்பத் தீப்பொறி முன்கூடும் அளவை, அதற்குக் கொடுத்தால் பாரம் ஏற்றி ஏறும்போது தட்டும், அல்லது நீண்ட ஓட்டத்தில் சோரும். ஆகவே பழைய லூக்காஸ் உடலின் புஷ்ஷும் எடைகளும் நன்றாக இருந்தாலோ நன்றாக்கப்படக் கூடியனவாக இருந்தாலோ, அதை வைத்துக்கொண்டு உள்ளே மொடியூல் பூட்டுவதே என் தெரிவு. உடல் தேறாது என்றால் மட்டும், இந்த எஞ்சினுக்கென்றே வளைவு குறிப்பிடப்பட்ட புதியதை வாங்குங்கள்.

வண்டியை மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுப்பவர்கள் முதல் வழியோடு நிற்கலாம். நல்ல பொயின்றும் நல்ல கொண்டென்சரும் உள்ள டிஸ்ரிபியூட்டரில் எந்தக் குறையும் இல்லை.

மொடியூல் எப்படி வேலை செய்கிறது?

காமின் மேல் நான்கு காந்தங்கள் பதித்த வளையம் ஒன்றைச் செருகுவார்கள். தகட்டில் பொருத்தப்படும் மொடியூல் ஒவ்வொரு காந்தமும் கடப்பதை உணர்ந்து, கொயிலின் மின்னோட்டத்தைத் திரான்சிஸ்டரால் துண்டிக்கிறது. உரசும் பாகம் இல்லாததால் தேய்மானமும் இல்லை. காந்தத்துக்குப் பதிலாக ஒளிக்கற்றையைத் தகடொன்று மறைக்கும் வகையும் உண்டு. நம் ஊர்த் தூசிக்குக் காந்த வகையே பொருத்தம். றோட்டர், மூடி, எடைகள், வக்கூம் அறை எல்லாம் பழையபடியே இருக்கும்.

வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது என்ன?

பற்றரியின் எந்த முனை எர்த் என்பதை. 1967 அளவில்தான் லாண்ட் றோவர் பொசிட்டிவ் எர்த்திலிருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. அதற்கு முந்திய வண்டியில், பிற்பாடு யாராவது மாற்றியிருந்தாலொழிய, பற்றரியின் பொசிட்டிவ் முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்குரிய மொடியூலை அதில் இணைத்தால் திறப்பைத் திருப்பிய கணமே அது முடிந்துவிடும். வருடத்தை வைத்து ஊகிக்காமல் பற்றரியைக் கண்ணால் பாருங்கள். இராணுவத் தொலைத்தொடர்பு வண்டியாக இருந்து ஏலத்தில் வந்தது என்றால் அது 24 வோல்ற்று அமைப்பாகவும் டிஸ்ரிபியூட்டர் கவசமிட்டதாகவும் இருக்கக்கூடும். சாதாரண 12 வோல்ற்று மொடியூல் அதற்கு ஆகாது.

கொயிலையும் மாற்ற வேண்டுமா?

திறப்பை அணைத்து, கொயிலின் இரு தாழ்மின் வயர்களையும் கழற்றிவிட்டு, அந்த முனைகளுக்கிடையே மீற்றரால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 3 ஓம் காட்டினால் அது நேரடி 12 வோல்ற்றுக் கொயில். நான்கு சிலிண்டருக்கான பெரும்பாலான மொடியூல்களுக்கு அதுவே ஏற்றது, மாற்றத் தேவையில்லை. 1.5 ஓம் காட்டினால் அது தடையோடு சேர்த்துப் பயன்படுத்தும் கொயில். தடையின்றி அதை இணைத்தால் 4 அம்பியருக்குப் பதில் 8 அம்பியர் ஓடி, முதலில் மொடியூலும் பிறகு கொயிலும் வேகும். 'ஸ்போட்ஸ் கொயில்' என்று கவர்ச்சியான நிறத்தில் விற்கப்படுவனவற்றையும் அளக்காமல் வாங்காதீர்கள்.

பூட்டும் முறை என்ன?

பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்ரிபியூட்டரை எஞ்சினிலிருந்து எடுக்காமலேயே வேலையை முடிக்கலாம். ஆனால் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் நான் எடுத்தே செய்வேன். எடுப்பதற்கு முன், முதல் சிலிண்டர், அதாவது ரேடியேற்றர் பக்கத்துச் சிலிண்டர், தீப்பொறி வேண்டும் நிலைக்கு வரும்வரை எஞ்சினைக் கை ஹாண்டிலால் சுற்றி நிறுத்துங்கள். றோட்டர் எதை நோக்கி நிற்கிறது என்பதை உடலின் விளிம்பில் கீறி அடையாளமிடுங்கள், உடலுக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே இன்னொரு கோடு. தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பப் பூட்டும்வரை எஞ்சினைச் சுற்றக் கூடாது. வண்டி கியரில் நிற்கையில் யாரும் தள்ளவும் கூடாது. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பொயின்றையும் கொண்டென்சரையும் எடுத்துவிட்டு, தகட்டில் மொடியூல் அமரும் இடத்தைத் துப்புரவாகத் துடையுங்கள். பல மொடியூல்கள் தம் எர்த்தை அந்தத் தகட்டின் வழியாகவே பெறுகின்றன. முன்பு சொன்ன செம்புக் கம்பி அறுந்திருந்தால் இங்கேயும் அதே தொல்லைதான். காந்த வளையத்தை இறுதிவரை அழுத்திச் செருகுங்கள். வளையத்துக்கும் மொடியூலுக்கும் உள்ள இடைவெளியைக் கிட்டோடு வரும் பிளாஸ்ரிக் துண்டால் சரிபாருங்கள். சிவப்பு வயர் கொயிலின் பொசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு என்பதே வழமை என்றாலும், கிட்டின் தாளில் உள்ளதே இறுதி. வக்கூம் அறை தகட்டை இழுக்கும்போது வயர்கள் இறுகாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும்.

தீப்பொறி வரிசை 1-3-4-2. மூடியிலுள்ள வயர்களை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். நான்கையும் ஒருசேரக் கழற்றிவிட்டு விழிப்பது எல்லாரும் ஒருமுறை செய்யும் பிழை. செம்புக் கம்பி கொண்ட பழைய பிளக் வயர்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டுக் கரிமத் தடை வயர்களைப் போடுங்கள். செம்பு வயர் எழுப்பும் மின் இரைச்சல் வானொலியைக் குழப்புவதோடு மொடியூலையும் குழப்பும். பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80 மில்லிமீற்றர்.

றோட்டர் பழையதே போதுமா?

போதாது. கரிமம் கூடிய மலிவு பிளாஸ்ரிக்கில் செய்து நடுவே றிவெற் அடித்த றோட்டர்கள், உயர்மின் அழுத்தத்தை றிவெற் வழியே அச்சுத்தண்டுக்குக் கசியவிடும். எஞ்சின் சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டிகளில் பல தடவை இதுதான் காரணம். றிவெற் இல்லாமல் வார்த்த சிவப்பு றோட்டர்களைக் கேட்டு வாங்குங்கள்.

ரைமிங்கைத் திரும்பவும் வைக்க வேண்டுமா?

நிச்சயமாக. மொடியூல் துண்டிக்கும் கணம் பொயின்ற் திறந்த அதே கணமாக இருக்காது. சும்மா ஓடும் வேகத்தில், வக்கூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ரைமிங் லைற்றால் பாருங்கள். பழைய எஞ்சின்களில் குறி பிளைவீலில், பார்வைத் துளைக்குள் இருக்கும். பிற்காலத்தவற்றில் முன்பக்கக் கப்பியில். எத்தனை பாகை என்பது உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதத்தைப் பொறுத்தது; 7:1 எஞ்சினுக்கும் 8:1 எஞ்சினுக்கும் கைந்நூலில் வெவ்வேறு எண்கள் தரப்பட்டுள்ளன. டிஸ்ரிபியூட்டரை 1 பாகை திருப்பினால் கிறாங்கில் அது 2 பாகை என்பதை மறக்க வேண்டாம். நுண்ணிய திருத்தத்துக்கு 25 டி 4 இன் பக்கத்தில் உள்ள சிறு திருகுச் சக்கரத்தைப் பயன்படுத்துங்கள்.

எண்ணைச் சரியாக வைத்த பிறகும் வீதியில் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். திருகோணமலைக்குள் நீண்ட ஏற்றம் கிடையாது என்பதால், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் உயர் கியரில் நிதானமாக அக்சிலரேற்றரை மிதித்துப் பார்ப்பேன். சில்லறைக் காசு குலுங்குவது போலத் தட்டினால் அந்தத் திருகுச் சக்கரத்தால் ரைமிங்கைச் சில சொடுக்குகள் பின்தள்ளுங்கள். 92 ஒக்ரேன் பெற்றோலிலேயே இதைச் செய்யுங்கள். 95 இல் வைத்துவிட்டுப் பின்னர் 92 அடித்தால் தட்டும்.

பெற்றோல் மிச்சமாகுமா?

தேய்ந்த பொயின்றோடு ஒப்பிட்டால் ஆகும். ஒழுங்காக வைத்த பொயின்றோடு ஒப்பிட்டால், வீட்டுக் கணக்கில் தெரியும் அளவுக்கு ஆகாது.

மழைக்காலத்துக்கு மூடியைச் சுற்றிச் சிலிக்கோன் பூசி அடைத்துவிடலாமா?

வேண்டாம். உள்ளே தீப்பொறி ஓசோனை உண்டாக்குகிறது. அது வெளியேறாவிட்டால் ஈரத்தோடு சேர்ந்து உலோகப் பாகங்களை அரிக்கும். மூடியும் வயர் முனைகளின் றப்பர் உறைகளும் வெடிப்பின்றி இருப்பதும், உறைகளுக்குள் சிறிது சிலிக்கோன் கிறீஸ் தடவுவதும் போதுமானவை. வாடை தொடங்குமுன் மூடியின் உள்ளும் புறமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

மொடியூல் வழியில் செத்தால் என்ன செய்வது?

முன்னறிவிப்பு இன்றியே சாகும். பொயின்ற் நோயாளி, மெல்ல இருமி, தடுமாறி, வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். மொடியூலுக்கு அந்தக் குணம் இல்லை. எனக்கு முதலில் பூட்டித் தரப்பட்ட மொடியூல், புல்மோட்டை வீதியில் குச்சவெளியைத் தாண்டி இருட்டும் நேரத்தில் ஒரே கணத்தில் நின்றது. அதற்கு முதல் நாள், வானொலி கேட்பதற்காக எஞ்சின் ஓடாமல் திறப்பை நெடுநேரம் போட்டு வைத்திருந்தேன். எஞ்சின் நின்றிருக்கையில் மின்னோட்டத்தைத் தானாகத் துண்டிக்காத பழைய வகை மொடியூல்கள் அப்படிச் சூடேறிப் பழுதாகும் என்பதைப் பூட்டித் தந்தவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது மொடியூலைத் தானாகத் துண்டிக்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன்.

பற்றரி இறங்கிய நிலையிலும் கவனம் தேவை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் மிகவும் விழுந்தால் மொடியூல் விழிக்காது. அதே பற்றரியில் பொயின்ற் தீப்பொறி தந்திருக்கும். கை ஹாண்டிலை நம்பி இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பழைய பொயின்றை எறியக் கூடாதா?

எறியவே கூடாது. அன்று என்னைக் காப்பாற்றியதும் அதுதான். சரியான இடைவெளியில் வைக்கப்பட்ட பொயின்ற், நல்ல கொண்டென்சர், இரண்டையும் பிடிக்கும் சின்னத் திருகாணிகள், குட்டை ஸ்குறூட்றைவர், பீலர் கேஜ், மூடிக்கு ஒரு உலர்ந்த துணி. இத்தனையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் அடங்கும். திருகாணிகளை மாத்திரம் இரண்டு சோடி வையுங்கள். இருட்டில், எஞ்சின் சூட்டில், ஒன்று கட்டாயம் கையிலிருந்து நழுவி டிஸ்ரிபியூட்டருக்குள் விழும். விழுந்ததை எடுக்காமல் எஞ்சினைச் சுற்றவும் முடியாது. நுனியில் கொஞ்சம் கிறீஸ் தொட்ட ஸ்குறூட்றைவர் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும்.

பாகங்களை எங்கே வாங்குவது?

மூடி, றோட்டர், பொயின்ற் ஆகியவை கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். 25 டி 4 இன் மூடியும் 45 டி 4 இன் மூடியும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எடைகளின் ஸ்பிரிங், வக்கூம் அறை போன்றவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். அவற்றைக் கேட்கும்போது டிஸ்ரிபியூட்டர் உடலில் பொறித்திருக்கும் ஐந்து இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். உப்புப் படிந்து எண் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த பல் துலக்கும் பிறஷ்ஷால் தேய்த்தால் தெரியும்.